விஞ்ஞானிக்கு வைத்த படையல்

பிள்ளைகளா, போன வாரம் சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஆவடி ஸ்டேஷன் பக்கம் காலேஜ் பையன் ஒருவன் நம் வீட்டுத் தாத்தாவின் படத்தைப் பனியனில் போட்டுக்கொண்டு போகிறானாம். அதிலும் தாத்தா நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாராம். செத்துப் போனவரை அவன் எப்படிக் கேலி செய்யலாம் என்று ஒரே அழுகை. பெரியவன் ஒரு படி மேலே போய், அவன் எந்தத் தெருவென்று விசாரித்து வரச் செருப்பை மாட்டிவிட்டான். அடுப்படியில் உங்கள் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இப்பவாவது சொல்லித் தொலைங்க. புள்ளைங்க அடிதடிக்குப் போவறதுக்குள்ள" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள். எழுத்து என்றால் முழுதாக முடித்த பிறகுதான் திருத்த முடியும்.

நம் கூடத்தில் என் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டோடு ஒருவர் இருக்கிறாரே, சிலுப்பிக்கொண்ட வெள்ளை முடி, அடர்ந்த மீசை, தூக்கம் கலையாத கண். அவர் நமக்குத் தாத்தா இல்லை. மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற பௌதிக விஞ்ஞானி. காலம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னவர். அவர் எப்படி நம் வீட்டுச் சுவரில் ஏறினார், ஏறுவதற்கு முன்னால் என் கல்யாணத்தை எப்படி நிறுத்தப் பார்த்தார் என்பதுதான் விஷயம். அது நின்றிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் இல்லை. ஆகையால் கவனமாகப் படியுங்கள்.

எண்பதுகளின் கடைசி. அப்போது நான் அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். பத்தாவது பாஸ், அப்புறம் ஐ.டி.ஐ. அவ்வளவுதான் நம் படிப்பு. கோவில்பதாகையில் மாடி வைத்த வாடகை வீடு, நானும் என் அம்மாவும். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கினால் ஆவடியில் நூலகம் வழியிலேயே இருக்கும். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியவன் கையில் ஒரு மெல்லிய புத்தகம் சிக்கியது. அந்த விஞ்ஞானியைப் பற்றியது.

முதல் அத்தியாயம் முழுக்க ரயில் வண்டி. நின்றுகொண்டிருக்கிற வண்டியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், பக்கத்து வண்டி நகர்கிறது, உனக்கோ உன் வண்டி நகர்கிற மாதிரி இருக்கிறது. யார் நகர்கிறார்கள் என்பது யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அடடா என்றிருந்தது. தினமும் இரண்டு வேளை எனக்கு நடக்கிற சங்கதியை ஒரு ஜெர்மன்காரர் எனக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறாரே! இரண்டாம் அத்தியாயத்தில் ஒளி வந்தது. அங்கேயே எனக்கு இருட்டிவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்து வந்து படித்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் அத்தியாயம் நன்றாகப் புரிந்தது.

ஒரே அத்தியாயம் படித்தவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. பட்டறையில் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கு சுற்றிக்கொண்டிருக்கும்போது, "சக்கு சுத்துதா, இல்ல சக்கு நின்னுகினு நாம எல்லாம் சுத்தறோமா, யோசிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்பேன். "அண்ணாத்தே, மொதல்ல ஜாப்பப் பாரு, டூல் ஒடையப் போவுது" என்பார்கள். உடைந்தும் இருக்கிறது.

எங்கள் தெரு முனையில் ஒரு நடிகருக்கு நற்பணி மன்றம் இருந்தது. பலகை, கொடிக் கம்பம், அவர் பிறந்த நாளுக்குத் தெருவெல்லாம் மைக் செட்டு, பிரியாணி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை. சினிமாவில் சண்டை போடுகிறவருக்கு மன்றம் இருக்கலாம், காலத்தோடு சண்டை போட்டவருக்கு இருக்கக் கூடாதா? என் கூட்டாளி ஒருவன் ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் கேன்டீனில் இருந்தான். எதற்கும் சரி என்று சொல்கிற அபூர்வப் பிறவி. விஞ்ஞானிக்கு ஒரு மன்றம் ஆரம்பித்தோம். நான் தலைவர், அவன் செயலாளர். உறுப்பினர்கள் நாலைந்து பேர், கேரம் போர்டு இருக்கிறவரைக்கும் விசுவாசமாக இருந்தார்கள்.

பலகை எழுதக் கொடுத்தோம். ஓவியர் எல்லாம் முடித்துத் துணியை விலக்கினால், விஞ்ஞானிக்கு முடி கன்னங்கரேலென்று பளபளக்கிறது. கன்னம் ரோஜாப்பூ.

"இன்னாண்ணே, அவருக்கு நரச்ச தலையாச்சே?"

"போடா நைனா. நரச்ச தலைய வெச்சா எவன் மதிப்பான்? நான் எத்தினி ஹீரோவுக்கு வரைஞ்சிருக்கேன்."

பலகை மாட்டிய மறுநாளே பால்காரம்மா என்னை நிறுத்தி, "தம்பி, இந்த எண்ணெ எந்தக் கடையில விக்கிது? என் பொண்ணுக்கு முடி கொட்டுது" என்று கேட்டார். விஞ்ஞானம் மக்களைச் சென்றடைய நாளாகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பட்டாபிராமில் பெண் அமைந்தது. பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, இரண்டு பக்கமும் சம்மதம். பெண்ணின் அப்பா, அதாவது உங்கள் பட்டாபிராம் தாத்தா, அப்போது ராணுவக் கிடங்கில் வேலை. அளந்துதான் பேசுவார். என் அப்பா உயிரோடு இல்லாததால், பூந்தமல்லியில் இருந்த என் பெரியப்பாதான் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அவரைப் பெண் வீட்டார் பார்த்ததில்லை. வெள்ளை முடி, வெள்ளை மீசை, கண்ணியமான பெரிய மனுஷர் என்று என் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

பங்குனி முதல் வாரத்தில் நிச்சயதார்த்தம். விஞ்ஞானியின் பிறந்த நாளோ அதற்குச் சில நாள் முன்னால், மாசிக் கடைசியில். எனக்கு மூளை வேலை செய்தது. பிறந்த நாள் விழா எடுப்போம், போஸ்டர் அடித்துப் பட்டாபிராம் வரைக்கும் ஒட்டுவோம், வரப்போகிற மாப்பிள்ளை வெறும் டர்னர் இல்லை, ஒரு மன்றத்தின் தலைவன் என்று பெண் வீட்டுக்குத் தெரியட்டும். விஞ்ஞானத்துக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நாள் சொல்லி வந்திருக்கிறேன். உங்கள் அம்மா ஒரு நாளும் நம்பியதில்லை.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சாவு போஸ்டர், மூன்றும்தான் அங்கே தொழில். நான் கொடுத்த படத்தை அச்சகக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆளு கீறாரா, பூட்டாரா?"

"பூட்டாருண்ணே. ரொம்ப வருஷமாச்சு."

"சரி, உட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. என் பேரு நல்லா பெருசா இருக்கணும். பட்டாபிராம் ஸ்டேஷன்ல வண்டியில உக்காந்துகினே படிக்கணும்."

"அப்ப இவரு பேரு?"

"அது சின்னதா இருந்தா பரவால்ல. உலகத்துக்கே தெரிஞ்ச ஆளுதானே."

இதுதான் பிள்ளைகளா, நான் செய்த ஆராய்ச்சி. அச்சான போஸ்டரை நான் பார்க்கவில்லை. செயலாளர்தான் நேரே அச்சகத்தில் வாங்கி, சனிக்கிழமை பூராவும் பசை வாளியோடு சைக்கிளில் சுற்றி ஒட்டிவிட்டு வந்தான்.

"எப்பிடிடா வந்திருக்கு?"

"தூள் மச்சான். சுத்தி பார்டரெல்லாம் கட்டி வெச்சிருக்கான். ரெண்டு பக்கமும் வெளக்கு எரியுது. உன் பேரு கீது பாரு, குருடனுக்குக் கூடத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை விழா, சாயந்திரம் ஆறு மணிக்கு. காலையிலேயே வீட்டு வாசலில் சாமியானா போட்டு, வாடகை நாற்காலிகளை வரிசையாக விரித்தாயிற்று. நடுவில் ஒரு மர நாற்காலியில் விஞ்ஞானியின் படத்தைச் சாய்த்து, பூ வைத்து, ஊதுவத்தி கொளுத்தினேன். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உள்ளே என் அம்மா சுண்டலுக்குக் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணை மூடி அந்த வாசலை நினைத்துப் பாருங்கள். சாமியானா, காலி நாற்காலிகள், நாற்காலியில் ஒரு கிழவர் படம், ஊதுவத்திப் புகை. பாருங்கள், உங்களுக்கே தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

தெரு முனையிலிருந்து ஓர் அழுகைக் குரல் எழும்பியது. யார் வீட்டிலோ சாவு போலிருக்கிறது, பாவம், நம் விழா நாளாகப் பார்த்து என்று நினைத்தேன். குரல் நெருங்கியது. திரும்பினால் உங்கள் அம்மாவின் அத்தை, தலைமுடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு வருகிறார். பின்னால் உங்கள் பட்டாபிராம் தாத்தா, தோளில் துண்டு, கையில் பெரிய ரோஜா மாலை. அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டபடி உறவுக்காரர்கள் நாலு பேர்.

"தட்டு மாத்த வந்த கையி – என் ஐயா
தாம்பூலம் எடுக்கலியே
சந்தனத்தக் கரைச்சு வெச்சோம் – என் ஐயா
சாஞ்சி நீயும் போனியே"

அத்தைக்கு அந்தப் பக்கத்தில் ஒப்பாரிக்கென்றே பேர். குரல் கேட்டு அம்மா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பந்தி வீட்டு மனுஷி அழுதுகொண்டு வருகிறாள் என்றால் அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள், அவ்வளவுதான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தோள் மேல் தோள் சாய்ந்து ஆடி ஆடி அழுதார்கள். உன் வீட்டில் சாவென்று இவள் அழ, உன் வீட்டில் சாவென்று அவர் அழ, நான் ஊதுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் தாத்தா நிமிர்ந்து பார்க்காமல் நேரே போய் விஞ்ஞானிக்கு மாலையைப் போட்டார். கும்பிட்டார். பிறகு என் பக்கம் வந்து தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எப்ப மாப்ள?"

விழாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "சாயந்திரம் ஆறு மணிக்கு மாமா."

"அவ்ளோ நேரம் வெச்சிருக்கக் கூடாது. வெயிலு ஏறுது."

"கெடாது மாமா. தேங்காய கடைசியிலதான் போடுவோம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். துக்கத்தில் பையனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

அழுகையின் நடுவில் அம்மாதான் முதலில் மூச்சு வாங்கினாள். மூக்கைச் சிந்திவிட்டு, "ஏம்மா, யாரும்மா போனது?" என்று கேட்டாள்.

"இன்னாம்மா என்னியக் கேக்கற? உன் ஊட்டுக்காரரோட அண்ணன்தானே! பட்டாபிராம் ஸ்டேஷன் பூராவும் ஒட்டி வெச்சிகீறீங்களே!"

அம்மா அதுவரை அழுதது மரியாதைக்கு. இப்போது போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம். "ஐயோ மாமா! எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா போய்விட்டாரா? போஸ்டர்கூட ஒட்டிவிட்டார்களா?

அந்த நிமிஷம் சைக்கிளில் வந்து இறங்கினார் என் பெரியப்பா. முகம் ஜிவுஜிவென்று சிவந்திருந்தது. கையில் சுவரிலிருந்து கிழித்த, காரையும் பசையும் ஒட்டிய போஸ்டர்.

"எவன்டா அவன், என்னியச் சாவடிச்சவன்? ஆவடியில டீ குடிக்க எறங்கினா, கடைக்காரன் கிளாஸக் கீழ போட்டுட்டு என் கால் தரையில படுதான்னு பாக்கறான்!"

அம்மா அவரைப் பார்த்து மறுபடி ஒரு தடவை அலறினாள். நான் போஸ்டரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாலு பக்கமும் கறுப்புக் கட்டம். மேலே 'நினைவஞ்சலி'. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் மை அப்பி மங்கிப்போன ஒரு படம்: வெள்ளை முடி, வெள்ளை மீசை. எந்த ஊர்ப் பெரிய மனுஷராகவும் இருக்கலாம். அவர் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு மூலையில். கீழே, போஸ்டரில் பாதி அளவுக்கு, என் பெயர்.

அச்சகக்காரர் மேல் தப்பில்லை. ஆள் போய்விட்டாரா என்று கேட்டார், போய்விட்டார் என்றேன். போனவருக்கு எப்படி அடிக்க வேண்டுமோ அப்படி அடித்தார். செத்தவருக்குப் பிறந்த நாள் கொண்டாட ஒருவன் வருவான் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்?

ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன். உங்கள் தாத்தா படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து, தான் மாலை போட்ட முகத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"இவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மாமா. விஞ்ஞானி."

"எந்த ஊரு?"

"ஜெர்மனி. அப்புறம் அமெரிக்கா."

"எப்ப பூட்டாரு?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரொம்ப நிதானமாகப் பேசினார். "மாப்ள, நீங்க நல்லவருதான். ஆனா அடுத்த வாரம் நிச்சயம். சாவு மால எடுத்துக்கினு ஏறின வாசல்ல நான் எப்பிடிச் சந்தனம் எடுத்துக்கினு ஏறுவேன்? யாருக்கோ போட்டாலும் மால மாலதான்."

"சகுனம் ஒடைஞ்சி போச்சுண்ணா. வேற எடம் பாத்துக்கலாம்" என்றார் அத்தை. இவ்வளவு நேரம் அழுத அழுகை வீண் போய்விட்ட எரிச்சல் அவருக்கு.

அன்று சாயந்திரம் பேசுவதற்கு நான் எழுதி வைத்திருந்த சொற்பொழிவில் மூடநம்பிக்கையைப் பற்றி நல்ல சூடான பகுதி ஒன்று இருந்தது. அதை எடுத்து விடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது, "மாமா, அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்பதுதான். பெண் பார்த்த அன்று உங்கள் அம்மா கதவு மறைவில் நின்று, நான் பஜ்ஜியை மிளகாய்ச் சட்னியில் முக்கிக் கண் கலங்கியதைப் பார்த்துச் சிரித்த முகம் ஒன்று எனக்குள் இருந்தது. அது கைவிட்டுப் போகப் போகிறது என்று நினைக்கும்போது எந்தச் சித்தாந்தமும் உதவிக்கு வரவில்லை.

பெரியப்பாதான் காப்பாற்றினார். இன்னும் ஆத்திரம் தணியாமல் சைக்கிள் ஸ்டாண்டை ஓர் உதை உதைத்து நிறுத்திவிட்டு வந்தார். "இருங்க சம்மந்தி. மால போட்டாச்சு, ஒப்பாரியும் வெச்சாச்சு. அப்ப இது சாவு ஊடுதான். சாவு ஊட்டுல மிச்சம் இன்னா? தலைக்கு ஊத்திக்கினு ஒரு படையல் போட்டு, காக்காவுக்கு வெச்சிட்டா முடிஞ்சிது. போனவரு திருப்தியாப் பூட்டா ஒரு தோஷமும் இல்ல."

உங்கள் தாத்தா யோசித்தார். "காக்கா எடுத்தா சரி."

"எடுக்கலன்னா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எடுக்கலன்னா அவருக்கே இதுல இஷ்டம் இல்லன்னு அர்த்தம். நாங்க அடுத்த வண்டியப் பாத்துக் கெளம்பறோம்."

ஆக, ஒரு காக்காவின் வாயில் வந்து நின்றது என் வாழ்க்கை.

தலைக்குக் குளித்தேன். அம்மா அவசர அவசரமாகச் சோறு, சாம்பார், வடை, பாயசம். இலையில் வைக்கும்போது பெரியப்பாவுக்குச் சந்தேகம். போனவருக்குப் பிடித்தது ஒன்று இலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்கா தொடாது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவராயிற்றே.

"அவருக்கு இன்னாடா புடிக்கும்?"

வயலின் பிடிக்கும் என்று தெரியும். படகு பிடிக்கும் என்று தெரியும். சாப்பாடு? முதல் அத்தியாயத்தில் வரவில்லையே!

"வெள்ளக்காரரு. ரொட்டிதான் தின்னிருப்பாரு" என்றான் செயலாளர். கேன்டீன்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பேக்கரிக்கு ஓடிப்போய் ஜாம் பன் வாங்கி வந்தான். வடைக்கும் பாயசத்துக்கும் நடுவில் அதை வைத்தோம்.

மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவர் மேல் இலை. மின்கம்பியில் வரிசையாகக் காக்கைகள். சுற்றிலும் நாங்கள். பெரியப்பா கூப்பிட்டார், அத்தை கூப்பிட்டார், அம்மா கூப்பிட்டாள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் நானும் ஆரம்பித்தேன். எல்லோரையும்விட அதிகமாக, தொண்டை கிழிய, "கா! கா!" என்று கத்தியவன் விஞ்ஞான மன்றத் தலைவன்தான். எதிர் மாடியில் நடிகர் மன்றத்துப் பையன்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னா மாமே, உங்காளு இன்னும் வரலியா? எங்க தலைவரு கூப்டா யானையே வரும்!"

வெயில் ஏறிக்கொண்டே போனது. உங்கள் தாத்தா நிழலுக்கு ஒதுங்கி, நேரம் போவதற்காகக் கேட்டார். "ஆமா, இவரு அப்பிடி இன்னாதான் பண்ணாரு?"

இதுதான் சந்தர்ப்பம் என்று சாயந்திரச் சொற்பொழிவை அவருக்கு மட்டும் நிகழ்த்தினேன். "மாமா, ஆவடி ஸ்டேஷன்ல நீங்க வண்டியில உக்காந்திருக்கீங்க. பக்கத்துல சென்ட்ரல் வண்டி நிக்குது. அது கெளம்புது. ஆனா உங்களுக்கு உங்க வண்டி கெளம்பின மாதிரியே இருக்கும். இருக்குமா இல்லியா?"

"ஆமா, இருக்கும்."

"அதான் மாமா!"

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். எனக்கு அதற்கு மேல் சரக்கில்லை.

"இதுக்கு ஒரு ஆளா?" என்றார். "இந்தப் பக்கம் பிளாட்பாரத்தப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

அப்போதுதான் எனக்குப் படங்களில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. "பெரியப்பா! அவரு சுங்கான் புடிப்பாரு. எப்பப் பாத்தாலும் வாயில பொகையிலப் பைப்பு."

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா?" பெரியப்பா இடுப்பிலிருந்து தன் சுருட்டை எடுத்தார். பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்துப் பதம் பார்த்து, இலை ஓரத்தில் வைத்தார். நீலப் புகை சுருண்டு எழும்பியது. புகை கண்ணில் பட்டதாலோ என்னவோ, எல்லோரும் பின்வாங்கி மாடிப்படி நிழலுக்குள் போனோம்.

கம்பியிலிருந்து ஒன்று இறங்கியது. சுவரில் உட்கார்ந்தது. தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. சோற்றை அது பார்க்கவே இல்லை. வடையை மிதித்துத் தாண்டியது. ஜாம் பன்னைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது.

"வெள்ளக்காரருதான்! சந்தேகமே இல்ல!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உங்கள் தாத்தா கைகூப்பினார். "சுருட்டு வெச்சதும் வந்துட்டாரு பாரு." நாங்கள் சுற்றி நின்றதால்தான் காக்கா வரவில்லை, விலகியதும் வந்தது என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சுருட்டு, நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கூட்டம். விஞ்ஞானியே சொல்லியிருக்கிறார், பார்க்கிறவர் நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று. என் வாழ்க்கையில் அவருடைய தத்துவத்தை நான் சரியாகப் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். வாயை மூடிக்கொண்டேன்.

சாயந்திரம் விழாவும் நடந்தது. பெண் வீட்டார்தான் முன்வரிசை, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்களே. நான் பேச ஆரம்பித்ததும் உங்கள் தாத்தா தூங்கிவிட்டார். சுண்டல் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பெரியப்பா தட்டு மாற்றினார். செத்துப் பிழைத்தவர் கை என்று அத்தை அதற்கும் ஒரு ராசி கண்டுபிடித்தார். கிளம்பும்போது உங்கள் தாத்தா, "அந்தப் படத்தக் கழட்டிப் போட்றாதீங்க. காக்கா எடுத்த மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சுவரில் ஏறியவர்தான். கோவில்பதாகை வீட்டைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்தபோதும் என் அப்பா படத்தோடு சேர்ந்து வந்தார். அமாவாசைக்கு உங்கள் அம்மா தனி இலை போடுகிறாளே, நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு தின்கிறீர்களே ஜாம் பன், அது யாருடையது என்று இப்போது தெரிகிறதா?

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, உங்கள் அம்மாவிடம் இந்தக் கதையை என் பக்கத்து வீரத்தையெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்குத்தான் மொதல்லியே தெரியுமே. போஸ்டர எங்கப்பா கிழிச்சிகினு வந்தாரு. மூலையில பேரு இருந்துச்சு. ப்ளஸ் டூ பௌதிகப் புஸ்தகத்துல பாத்த மூஞ்சி. அப்பா, இது சாவு இல்லப்பா, விஞ்ஞானிப்பான்னேன். சாவு சமயத்துல இன்னா பேச்சுன்னு அத்தை அதட்டிச்சு."

"நீ இன்னொரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உசுரே பூட்ச்சு!"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். ஒலகமே மதிக்கிறவரு பேர எறும்பாட்டம் போட்டுட்டு, தன் பேர யானையாட்டம் போட்டுகினு ஒருத்தர் கீறாரே, அவரு எப்பிடிச் சமாளிக்கிறாருன்னு பாக்கலாம்னு உட்டுட்டேன்."

ஊரெல்லாம் ஒட்டிய அந்தப் போஸ்டரில் சின்ன எழுத்தைப் படித்தவள் உங்கள் அம்மா ஒருத்திதான். அவளைத்தான் நான் என் பெயரைப் பெரிதாகப் போட்டு அசத்தப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் அவரை எங்கு பார்த்தாலும் எனக்கு ஒரு குடும்பப் பாசம் வருகிறது. அம்பத்தூரில் டியூஷன் சென்டர் பலகைக்குப் பலகை அவர்தான், நல்லவேளை முடி வெள்ளையாகவே. முடி வெட்டாமல் எவனாவது வந்தால் பட்டறையில் அவர் பெயரைச் சொல்லித்தான் கிண்டல். கணக்கில் கோட்டை விட்டாலும் அவர் பெயர்தான். சூரியனுக்குப் பக்கத்தில் வரும் நட்சத்திர வெளிச்சம் வளைகிறது என்று அவர் சொன்னதைப் பெரிய பெரிய தொலைநோக்கி வைத்து இன்னும் சோதித்துப் பார்க்கிறார்களாம், மனுஷன் சொன்னது தப்பாகவில்லையாம். பேப்பரில் படித்தேன். ஏன் வளைகிறது என்று கேட்காதீர்கள், அது இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு வருகிறது. பெரியவன் படித்துவிட்டு எனக்குச் சொல்லட்டும்.

சின்னவளே, பனியன்காரப் பையன் கேலி செய்யவில்லை. நாக்கை நீட்டியது நம் ஆளேதான், அவர் அப்படிப்பட்ட மனுஷர். வகுப்பில் நீ அவரை எங்கள் தாத்தா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய், டீச்சர் என்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். வருகிறேன். சொந்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு படையல் போட்டிருக்கிறேன், உன் ஜெர்மன் தாத்தாவும் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.